கைநாட்டிலிருந்து கைநாட்டுக்கு

(2024-இல் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில், குழு உறுப்பினர் ஒருவரின் மகள், பெங்களூரில் மென்பொருள் பணியில் இருப்பவர், ஆற்றிய உரை. பேச்சு நடையைக் கூடியவரை மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



"பெண்களும் தகவல் தொழில்நுட்பமும்" என்று தலைப்புக் கொடுத்துப் பதினைந்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பின்பக்கம் சாம்பார் தாளிக்கிற வாசனை வருகிறது. அதனால் பதினைந்து நிமிஷத்தைத் தாண்ட எனக்கே தைரியம் இல்லை.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள் எழுதுகிறவள். இதை எங்கள் தெருவில் பத்து வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். "பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கு" என்பதுதான் எங்கள் அம்மா சொல்லும் விளக்கம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் வாசலில் ஆள் நிற்கும். ஒருவர் டிவி பெட்டி கொண்டு வருவார். ஒரு பெரியம்மா மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இது எனக்குத் தெரியாது பெரியம்மா" என்றால், "அப்புறம் என்னத்துக்குக் கண்ணு அவ்ளோ பீஸ் கட்டிப் படிச்ச?" என்று கேட்டார். ஒரு மாமா கிணற்றுத் தொட்டியில் விழுந்த போனைக் கொண்டு வந்தபோது, அரிசியில் போட்டு வையுங்கள் என்று சொன்னேன். ஊரில் நான் கொடுத்த ஒரே தொழில்நுட்ப ஆலோசனை அதுதான். அரிசியில் போடுவதால் பெரிய பலன் இல்லை என்று பிற்பாடு படித்தேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த உரைக்காகத் தேதிகளைப் பார்த்தபோது ஒரு பொருத்தம் கிடைத்தது. 1989 மார்ச் மாதம், ஸ்விட்சர்லாந்தில் செர்ன் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் ஒரு திட்ட வரைவு எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு நாம் போனில் திறக்கிற வலைப்பக்கங்கள் எல்லாம் அந்தக் காகிதத்திலிருந்து வந்தவை. அதே 1989-இல்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. எந்த மாவட்டத்தில்? நம்ம மாவட்டத்தில். சேலமோ மதுரையோ பிறகுதான். கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு சேர்ந்தே இருந்தது, 2004-இல்தான் தனி மாவட்டம் ஆனது. ஆக, உலக வலையும் தருமபுரி மகளிர் குழுவும் ஒரே வயசு. இரண்டுக்கும் முப்பத்தைந்து.

அந்தத் திட்ட வரைவைப் பார்த்த அவருடைய மேலதிகாரி, தெளிவாக இல்லை, ஆனால் சுவாரசியமாக இருக்கிறது என்ற பொருளில் ஓரத்தில் குறித்து வைத்தாராம். இங்கே பொம்பளைங்க பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பணம் எண்ணியபோது ஊர் ஆண்கள் சொன்னதை மேடையில் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியும்.

எங்கள் அம்மா 1995-இல் குழுவில் சேர்ந்தார். அப்போது எனக்கு இரண்டு வயசு. வாரம் பத்து ரூபாய் சேமிப்பு. சேர்ந்த அன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஊக்குநர் மை டப்பாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம்தான் இதுக்கு வேலை. அதுக்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போடக் கத்துக்கணும்" என்று சொன்னாராம். அம்மா அடுப்படியில் கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதிப் பழகினார். அந்தச் சுவரைச் சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் அப்பா கோபப்படுவார். எழுத்து உள்ளேயிருந்து மங்கலாகத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகுமுன் முதலில் படித்த சொல், அடுப்படிச் சுவரில் இருந்த அம்மாவின் பெயர்.

முதல் முறை தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு, எங்கள் வீட்டில் களிக்குக் கோழிக்குழம்பு. அவ்வளவு பெரிய விஷயம் அது. கைநாட்டு என்பது நம்ம ஊரில் வசவு அல்லவா?

இப்போது என்ன நடக்கிறது? இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு மிஷினைக் கொண்டு வந்து முன்னால் வைத்து, "கையெழுத்து வேணாம்மா, கட்டை விரலை வைங்க" என்கிறார்கள்! முதல் நாள் அம்மா அந்த ஆளிடம், "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே தம்பி" என்றிருக்கிறார். அந்தத் தம்பிக்கு அதில் என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. பாவம், அவன் 2000-க்குப் பிறகு பிறந்தவன்.

விரலை வைத்தார். எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். எடுக்கவில்லை. தலையில் தேய்த்துவிட்டு வைத்தார். இந்தத் தலையில் தேய்க்கிற வைத்தியத்தை நம்ம ஜனங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். காய்ந்த விரலில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டினால் சில நேரம் எடுக்கும். எதுவும் ஆகவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. அம்மா வெறுங்கையோடு திரும்பினார். வீட்டுக்கு வந்து எனக்குப் போன் போட்டு அவர் சொன்ன வார்த்தை: "என் கை சரியில்ல கண்ணு."

அக்கா, அந்தக் கை என்ன கை தெரியுமா? மாசியிலிருந்து சித்திரை வரை புளி. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்கிற கை. மிச்ச நாள் நூறு நாள் வேலை, களை, சாணி, பாத்திரம். புளிப்பும் மண்ணும் சேர்ந்து ரேகையைத் தேய்த்துவிட்டது. அந்த மிஷின் விரலில் இருக்கிற கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளை முன்பு பதிந்ததோடு ஒப்பிடும். கோடே தேய்ந்திருந்தால் அது எதை ஒப்பிடும்?

இதில் ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். இந்த மாதிரி மிஷின் இரண்டு விதமாகத் தப்புப் பண்ணும். வேற ஆளை உள்ளே விட்டுவிடுவது ஒன்று. சரியான ஆளையே வெளியே நிறுத்திவிடுவது இன்னொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்று எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து, என்னை மாதிரி புளி தொடாத விரல்காரி ஒருத்தி முடிவு பண்ணுகிறாள். ஆகவே, அன்றைக்குச் சரியில்லாமல் இருந்தது அம்மாவின் கை இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிந்திருக்கிறது. கட்டை விரல் எடுக்கவில்லை என்றால் மோதிர விரலை வைத்துப் பாருங்கள். அது குறைவாகத் தேயும். அம்மாவுக்கு இடது மோதிர விரல்தான் வேலை செய்கிறது. கண்ணைப் படம் எடுக்கிற வழியும் இருக்கிறது. "வேற வழி இருக்கா தம்பி?" என்று கேட்கலாம். கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம்.

அப்புறம் இந்த "சர்வர் இல்ல" என்ற சமாசாரம். எங்கள் ஆயா இருந்தவரைக்கும் இது தீராத குழப்பம். பென்ஷனுக்குப் போய்விட்டு வந்து, "சர்வர் வரலியாம்" என்பார். அவருக்குத் தெரிந்த சர்வர் தருமபுரி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி கொண்டு வருகிறவர் மட்டும்தான். "மாசத்துல பாதி நாள் வர மாட்டேங்கிறான், அவனை ஏன் இன்னும் வேலைக்கு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். எங்கள் கம்பெனிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, கடைசியில் ஒருவர் கேட்டார்: "கேள்வி நியாயமானதுதானே?"

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயற்சிக்கவும்." இந்த வரியைப் பார்த்திருக்கிறீர்களா? இது மாதிரி வரிகளை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. என்ன தவறு, யார் செய்த தவறு, எத்தனை முறை முயற்சிக்க வேண்டும், எதுவும் அதில் இருக்காது. எழுதுகிறவருக்கு நேரம் இல்லாததுதான் காரணம். படிக்கிறவர் தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்.

என் முதல் வேலையில் ஒரு படிவம் செய்தேன். பெயர் ஒரு பெட்டி, குடும்பப் பெயர் ஒரு பெட்டி. குடும்பப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து. அப்படித்தான் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நமக்கு இருப்பது ஒரு எழுத்து இனிஷியல். ரெண்டு வருஷம் கழித்து, வேறு எங்கோ அதே மாதிரி ஒரு படிவத்தில் அம்மா மாட்டிக்கொண்டார். இனிஷியலைப் போட்டால் சிவப்பாகக் கோடு வருகிறது. போனில் என்னிடம், "எவனோ கூறுகெட்டவன் செஞ்சிருக்கான் கண்ணு" என்றார். நான் "ஆமாம்மா" என்றேன்.

அம்மாவுக்கு மூன்று பெயர். கல்யாணத்துக்கு முன் வாங்கின சான்றிதழில் தாத்தாவின் இனிஷியல். ஆதாரில் அப்பாவின் இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை, கடைசியில் ஒரு எழுத்தும் மாறியிருக்கிறது. நமக்குப் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். கம்ப்யூட்டர் எழுத்தைப் பார்ப்பதே வேறு மாதிரி. நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "தருமபுரி" என்றும் எழுதுகிறோம், "தர்மபுரி" என்றும் எழுதுகிறோம். நமக்கு இரண்டும் ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் இரண்டையும் எட்டுத் துண்டாக வைத்திருக்கும். எட்டில் ஏழு துண்டு ஒன்றேதான். மூன்றாவது துண்டு மட்டும் ஒன்றில் உகரக் குறி, இன்னொன்றில் புள்ளி. அந்த ஒரு துண்டுக்காக, இது வேற ஊர், அது வேற ஊர் என்று அடம் பிடிக்கும். பஸ் கண்டக்டர் எந்த போர்டு போட்டாலும் நம்மை இங்கேதானே இறக்கிவிடுகிறார்? அவருக்கு இருக்கிற புத்தி அதற்கு வரவில்லை.

அதனால் சிரமம் பார்க்காமல் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பாருங்கள். பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள். கடன் வாங்கப் போகிற அன்றைக்குத் திருத்த முடியாது.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நம் கூட்டமைப்பு குரூப்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூவோடு வணக்கம் ஆரம்பிக்கிறது. ஏழு மணிக்குள் நாற்பது ரோஜா. நடுவில் "நாளை 11 மணிக்கு வங்கியில் கூட்டம், பொறுப்பாளர்கள் தவறாமல் வரவும்" என்ற செய்தி மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறும். போன மாதம் அந்தக் கூட்டத்துக்கு வந்தது இரண்டு பேர் என்று கேள்வி. ரோஜா அனுப்பினவர்கள் யாரும் வரவில்லை.

இப்போது சொல்லப் போவதற்கு அம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன்.

2023 ஜூலை 24-ஆம் தேதி, நம்ம தொப்பூரில்தான் முதலமைச்சர் உரிமைத் தொகை விண்ணப்ப முகாமைத் தொடங்கி வைத்தார். உங்களில் பலர் போயிருப்பீர்கள். செப்டம்பரிலிருந்து மாசம் ஆயிரம் ரூபாய். அந்த "டிங்" சத்தத்துக்காகவே அம்மா போனைத் தன் கையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அதுவரை அது "வீட்டு போன்". அதாவது அப்பாவுடைய போன்.

சில மாதம் கழித்து ஒரு அழைப்பு. "அம்மா வணக்கம்மா, உங்க உரிமைத் தொகை அடுத்த மாசம் நின்னுடும், ஆதாரைப் புதுப்பிக்கணும், இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கம்மா." அம்மா சொன்னார். இன்னொரு நம்பர் வந்தது. அதையும் சொன்னார். ஆடு வாங்க வைத்திருந்த 8,600 ரூபாய் போய்விட்டது. எப்படிம்மா நம்பினீங்க என்று பிறகு கேட்டேன். "உன்னைவிட மரியாதையாப் பேசினான் கண்ணு" என்றார்.

அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை. ஆறு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் குழுக் கூட்டம். உள்கடன் தவணை கட்டப் பணம் இல்லை. எங்கள் அம்மா குழுவில் பழைய வழக்கம், கட்டாதவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். எழுந்தார். சொன்னார். அப்போது அவர் சொன்னதாக மற்றவர்கள் எனக்குச் சொன்னது: "நான் நம்பர் படிக்கக் கத்துக்கிட்டதே இந்தக் குழுவுலதான். கத்துக்காம இருந்திருந்தா அவன்கிட்டப் படிச்சுச் சொல்லியிருக்க மாட்டேனே."

யாரும் பேசவில்லையாம். அப்புறம் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "எனக்கும் போச்சு, ரெண்டாயிரம்" என்றார். இன்னொருவர், "எனக்கு யுபிஐ-ல போச்சு. பணம் அனுப்புறேன், பின் நம்பரைப் போட்டு வாங்கிக்கோங்கன்னான்" என்றார். பன்னிரண்டு பேர் குழுவில் மூன்று பேர். மூன்று பேரும் தனித்தனியாக, தனக்கு மட்டும்தான் இப்படி ஆச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதினார்கள். நான் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பணம் பற்றி எந்த போன் வந்தாலும், எதையும் சொல்வதற்கும் அழுத்துவதற்கும் முன்னால் இன்னொரு உறுப்பினரிடம் காட்ட வேண்டும். நடு ராத்திரி ஆனாலும் எழுப்பலாம். மூன்று பேருக்கும் தவணை ஒரு மாதம் தள்ளி, அபராதம் கிடையாது. பாஸ்புக் அட்டையில் எல்லோரும் 1930 என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொழிலிலும் இப்படித்தான். ஒருத்தர் எழுதினதை இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்னால்தான் உள்ளே போகும். அதற்கு எங்களுக்குச் சம்பளம், காபி, பயிற்சி எல்லாம் உண்டு. நீங்கள் முப்பது வருஷமாகச் சத்தம் போட்டுப் பணம் எண்ணி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, தனிநபர் பாஸ்புக்கில் நகல் எழுதிச் செய்வதும் அதே வேலைதான். எல்லாக் குழுவும் அப்படி என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டிலேயே நோட்டை எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் ஆள் அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. அவர்களும் இங்கே உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

1930 பற்றிக் கொஞ்சம். அது சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். பணம் போனவுடன் கூப்பிட வேண்டும். திருடின பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அது எங்கே நிற்கிறதோ அங்கே முடக்கி வைக்கப் பார்ப்பார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டால் முடக்க ஒன்றும் இருக்காது. வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதிப்படி, நம்ம கவனக்குறைவால் போனது நம் தலையில்தான். ஆனால் வங்கியிடம் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அம்மா சொன்னது ஏழாம் நாள். நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். 8,600 வரவில்லை. இன்னொன்று, யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பும்போது போடுவது. பணம் வாங்க எந்த நம்பரும் போடத் தேவையில்லை. யாராவது போடச் சொன்னால் அப்போதே போனை வைத்துவிடுங்கள்.

நான் அம்மாவிடம் அன்றைக்குக் கொஞ்சம் கத்திவிட்டேன். "எத்தனை தடவைம்மா சொல்லியிருக்கேன்" என்று. அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

அங்கேதான் என் இரண்டாவது குற்றம் இருக்கிறது. அதற்கு எட்டு மாதம் முன்னால் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பார்சல் முகவரி சரியில்லாமல் நிற்கிறது, 25 ரூபாய் கட்டினால் அனுப்புகிறோம் என்று. நானும் ஒரு புடவைக்குச் சொல்லி வைத்திருந்தேன். தொட்டேன், கார்டு நம்பரைப் போட்டேன், வந்த ஓடிபி-யையும் போட்டேன். 4,999 ரூபாய். அந்த வாரம்தான் எங்கள் அலுவலகத்தில், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று எல்லோருக்கும் வகுப்பு எடுத்திருந்தேன். 1930-ஐக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பெயர் கேட்பார்கள், என்ன வேலை என்று கேட்பார்கள் என்று பயம். வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த மைக்கில்தான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

குழுவில் நான் உறுப்பினர் இல்லை. இருந்தாலும் எழுந்து நின்று சொல்கிற வழக்கம் எனக்கும் பொருந்தும் என்று நினைத்தேன்.

முன்வரிசையில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் எங்கள் அம்மா. இப்போது எழுந்திருக்கிறார். அக்கா, மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.